கண்மட்டம்

நல்லிணக்கக் கலைக்கூடம் திறக்கப்படுவதற்கு முன்பு அந்தக் கட்டடம் உரக் களஞ்சியமாக இருந்தது. அதற்குப் பிறகு சில காலம் அங்கே யார் இருந்தார்கள் என்பதை ஊரில் எவரும் சொல்வதில்லை. சுனாமி வந்தபோது அதில் கூடாரங்களை அடுக்கினார்கள். பின்னர் கூடாரங்கள் வந்த வெறும் பெட்டிகளை அடுக்கினார்கள். போர் முடிந்து இரண்டு வருடங்களானதும் சுவர்களுக்கு வெள்ளை அடித்து, வாவிப் பக்க யன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு, ஏசி பூட்டி, வாசலில் மூன்று மொழிகளில் பெயர்ப்பலகை வைத்தார்கள். மூன்றிலும் எழுத்துப் பிழை இருந்தது. அந்த வகையில் எந்த இனத்துக்கும் பாகுபாடு காட்டப்படவில்லை.

பணிப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவருக்கு ஒரு செயற்குழு, செயற்குழுவுக்கு ஓர் ஆலோசனைக் குழு, இரண்டுக்கும் நீள்வட்ட மேசை ஒன்று. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் கூடத்தில் படங்கள் இல்லை என்பது கவனிக்கப்பட்டது. போர்நிறுத்தக் காலத்தில் நகரத்தில் சமாதானக் கண்காட்சி நடத்திய தொண்டு நிறுவனம் ஒன்று, சமாதானம் நின்றுபோனதும் மூடிக்கொண்டு போயிருந்தது. அது விட்டுச்சென்ற சாமான்களைப் பொறுப்பெடுத்தபோது பிளாஸ்ரிக் கதிரைகள், மேசை விசிறிகள் ஆகியவற்றுக்குப் பின்னால், சாக்கில் சுற்றியபடி ஆள் உயரத்துக்கு ஓர் ஓவியம் இருந்தது.

அது ஒரு வீட்டின் உள்ளறை. படகுக்குப் பூசும் நீலமும் வெள்ளையும் காவியும் தவிர வேறு நிறம் இல்லை. மேசை பார்ப்பவரை நோக்கிச் சரிந்து நிற்கும். அதன் மேலிருக்கும் கோப்பை விழாது. நுளம்பு வலை கட்டிலுக்கு மேலே முடிச்சுப் போட்டபடி தொங்கும். யன்னல் வெளிச்சம் நிலத்தில் ஒரு வெள்ளைச் சதுரமாகக் கிடக்கும். மூலையில் ஓர் அலுமாரி, இடது கதவு திறந்தபடி. ஆட்கள் இல்லை.

சாக்கில் கட்டியிருந்த சீட்டில் ஓவியரின் பெயரும் ஊரும் இருந்தன; அவருடைய குடும்பத்தைத் தேடி நிகழ்ச்சி இணைப்பாளர் தர்சினியைக் கடலோர மாங்கேணிக்கு அனுப்பினார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து முதல் வகுப்பில் தேறியவள். ஓவியரின் மனைவி அன்னப்பூரணி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டின் முன்னால் கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். வாகனத்தைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வாங்க மனே. என்ன பதிய வந்திரிக்கீங்க?"

"பதிவு ஒண்டும் இல்ல அன்ரி. ஒங்கட மிஸ்டர் கேதீசன் சேர் கீறின படம் ஒண்டு எங்களிட்ட இரிக்கி. திறப்பு விழாவுக்கு நீங்கதான் விசேட விருந்தாளி."

"அலுமாரிக் கதவா?"

"ஓவியம் அன்ரி."

"கதவு இரிக்கிதா எண்டு கேக்கிறன்."

"கதவுலதான் கீறியிரிக்கார். நல்லா இரிக்கி. ஒரு பழுதும் இல்ல."

அன்னப்பூரணி பக்கத்தில் கிடந்த உரலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"பின்பக்கம்? பின்பக்கத்துல ஒண்டும் பூசிப்போடலியே?"

தர்சினி நான்கு வருடம் ஓவியம் படித்தவள். எந்தப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அந்த அலுமாரி அன்னப்பூரணியின் சீதனம். இந்தப் பக்கத்தில் வீடும் வீட்டுச் சாமானும் பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து வந்து குடியிருப்பவன். கேதீசன் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். ஒவ்வொரு சித்திரை வருடப் பிறப்பன்றும் மகள் கம்சாயினிக்குத் தலைமுழுக வார்த்து, புதுச் சட்டை போட்டு, அலுமாரியின் இடது கதவைத் திறந்து, அதன் உள்பக்கத்தில் முதுகு படும்படி நிறுத்துவார். உச்சந்தலையில் அடிமட்டத்தை வைத்து, மீன் வெட்டும் கத்தியால் பலகையில் ஒரு கீறு கீறுவார். பிள்ளை நுனிக்காலில் எம்பி ஏமாற்றப் பார்க்கும். "கள்ளி, காலப் பதி" என்று தோளை அமத்துவார். அப்படி நான்கு கீறுகள் இருந்தன. ஐந்தாவது கீறுக்கான வருடம் பிறப்பதற்குள் கடல் வந்துவிட்டது.

வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நாள் கழித்து, பனிச்சங்கேணிப் பக்கம் வாவிக் கரைச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றைக்குள் அந்தக் கதவு செருகிக் கிடக்கக் கண்டு யாரோ தோளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிள்ளை கிடைக்கவில்லை. முகாமில், கூடாரத்து வாசலில் இருந்து, கேதீசன் கதவின் வெளிப்பக்கத்தில் படகுப் பெயின்ரால் வீட்டை வரைந்தார். முடித்தபோது, "ஆக்கள் எங்க?" என்று அன்னப்பூரணி கேட்டாள். "கீற வருகுதில்ல" என்றார். அடுத்த வருடம் சமாதானக் கண்காட்சிக்காரர்கள் ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு, தரும்படி வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் சண்டை மறுபடி தொடங்கியது. வாகரையை விட்டுச் சனம் வெளிக்கிட்ட நாளில், "நீ முன்னுக்குப் போ, நான் வாறன்" என்று நின்ற கேதீசன் வரவேயில்லை.

ஆகவே அன்னப்பூரணி விசேட விருந்தாளியாக வருவதற்குச் சம்மதித்தாள். கதவை வாங்கிக்கொண்டு வருவதற்குத் தோதாக ஒரு கயிற்றையும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு முன்பே ஒரு நாள் அவள் வந்தபோது, பணிப்பாளர் கலாநிதி ஜெயரூபன் அவளை நீள்வட்ட மேசையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"படத்த நீங்களே வச்சிக்கங்க சேர். எனக்குப் பலகை மட்டும் தந்தாக் காணும்."

"பலகையிலதானம்மா படம் இரிக்கி."

"பின்பக்கத்துல இல்லயே."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலைக்கூடத்தின் கொள்கைப்படி ஓர் ஓவியத்துக்கு முன்பக்கம்தான் உண்டு. பின்பக்கம் என்பது சுவருக்கும் ஓவியத்துக்கும் இடையிலான ஓர் ஏற்பாடு.

"அலுமாரி எனக்குத் தந்த சீதனம் சேர். எங்கட அப்பா வந்தாறுமூலை ஆசாரியிட்டச் சொல்லிச் செஞ்சது. பெயின்ற் மட்டும்தான் அவர்ர. நீங்க வேணுமெண்டா பெயின்ர சுரண்டி எடுங்க."

இதற்குத் தொலைபேசியில் சட்ட ஆலோசனை பெறப்பட்டது. முன்பக்கம் நிறுவகத்தின் சொத்து என்றும், பின்பக்கத்துக்குக் காட்சிப் பெறுமதி இல்லாதபடியால் அதில் நிறுவகத்துக்கு அக்கறை இல்லை என்றும், ஆனால் பின்பக்கம் தற்சமயம் முன்பக்கத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அதை விடுவிக்க இயலாது என்றும் பதில் வந்தது.

"சரி சேர். ஒருக்காத் திருப்பிக் காட்டுங்க. பாத்திட்டுப் போறன்."

"பின்னுக்கு மூடி பூட்டியாச்சம்மா. பின்பக்கம் பாக்கிறதுக்கு எங்களிட்ட நடைமுறை இல்ல." பிறகு, பேச்சை மாற்றும் விதமாக, "ஒங்களிட்ட இருந்து எனக்கும் ஒரு உதவி வேணும்" என்றார். "ஓவியர்ர பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறி போட்டு, பிறந்த வருசம் எழுதி, ஒரு சின்னக் கோடும் போட்டு வச்சிரிக்கிறம். கோட்டுக்கு அங்கால ஒண்டும் இல்ல. அடைப்புக்குறிய மூடணும்."

"அவர் வரட்டும். கேட்டு மூடுங்க."

"அம்மா, அவர் இரிக்காரெண்டா அவர்ர கையொப்பத்தோட கதவக் கேக்கலாம். இல்லயெண்டா, மரணப் பத்திரத்தோட மனிசி நீங்க கேக்கலாம். ரெண்டும் இல்லாட்டி எங்களுக்குக் கஷ்டம்."

"எங்களுக்கும்தான் சேர்."

பணிப்பாளர் கனிவான மனிதர். "ஒரு சொல்லுத்தான். நீங்க ஓமெண்டா இண்டைக்கே கதவுக்கு அலுவல் பாக்கலாம்" என்றார்.

அன்னப்பூரணி பைக்குள் கையை விட்டுக் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல்தான். அதைச் சொன்னால் நான்கு கீறுகளும் இன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். தேநீர் ஆடை படரும் வரைக்கும் இருந்தாள். பிறகு எழுந்து, "நான் ஓமெண்டு சொன்ன பிறகு அவர் வந்தா, என்னெண்டு முகத்தப் பாக்கிற?" என்றாள்.

அடைப்புக்குறி விவகாரத்தைச் செயற்குழு மிகுந்த பொறுப்புடன் ஆராய்ந்தது. திறந்த அடைப்புக்குறியுடன் ஒரு படத்தை மாட்டினால் வெளிநாட்டவர் கேள்வி கேட்பார்கள். மூடினால் அன்னப்பூரணி அழுவாள். பெயர் இருப்பதால்தானே அடைப்புக்குறி வருகிறது என்பதை உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அதன்படி பெயர் நீக்கப்பட்டது. 'ஓவியர்: அறியப்படாதவர்' என்று அட்டை அச்சாகி வந்தது.

தர்சினிதான் தொலைபேசியில் இதைச் சொன்னாள். அன்னப்பூரணிக்கு விளங்கவில்லை. பணிப்பாளரிடம் பேசினாள்.

"யாரெண்டு என்னட்டக் கேட்டா நான் சொல்லுவனே சேர்."

"நீங்க அறிவீங்கம்மா. நிறுவகம் அறியணும். இது இடைக்கால ஏற்பாடுதான்."

அழைப்பிதழில் விசேட விருந்தாளி, 'அறியப்படாத ஓவியரின் துணைவியார் திருமதி கேதீசன்' என்று இருந்தது. ஒப்புநோக்கியவர்கள் ஒருவரும் இதில் குறை காணவில்லை.

படம் மாட்டுவதற்குக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அவருடைய துறை உயரம். படத்தின் மத்தி மனிதனின் கண்மட்டத்தில் இருக்கவேண்டும் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி என்று விளக்கினார். எந்த மனிதன் என்று யாரும் கேட்கவில்லை. சுவரில் பென்சிலால் கோடு போட்டு, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, கதவைத் தூக்கி மாட்டச்செய்துவிட்டு மாலை ரயிலில் போனார். அலுமாரியில் நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்த கதவு, இங்கே ஒரு முழம் மேலேறி நின்றது.

திறப்பு விழா பின்னேரம் நடந்தது. முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். உதவி வழங்கிய அமைப்பின் பிரதிநிதி முதலில் பேசினார்.

"சுனாமிக்குப் பிறகு இங்கே நாங்கள் பல வீடுகள் கட்டிக் கொடுத்தோம். அறிக்கைக்காகப் புகைப்படம் எடுக்கப் போனால் எல்லா வீட்டுக்குள்ளும் கொடியில் உடுப்பு, அடுப்பில் புகை, கட்டிலில் பிள்ளைகள். ஒரு நல்ல படம் எடுக்க முடியவில்லை. இதைப் பாருங்கள். நாங்கள் எதிர்பார்த்தது இப்படியான ஒரு வீட்டைத்தான்."

அடுத்துப் பேராசிரியர் ஒருவர் கலையைப் பற்றிப் பேசினார்.

"இந்த அறையில் மனிதர் இல்லை. கவனியுங்கள். கலைஞன் மனிதரை வேண்டுமென்றே அகற்றியிருக்கிறான். மேசையை விட்டிருக்கிறான், கோப்பையை விட்டிருக்கிறான், மனிதரை மட்டும் அகற்றியிருக்கிறான். மனிதரை முழுமையாக அகற்றுவது இலகுவான காரியமல்ல. அதற்குத் துணிவு வேண்டும், ஒழுங்கு வேண்டும், திட்டமிடல் வேண்டும்."

முன்வரிசையில் சிலர் அனுபவத்தில் கண்டவர்கள் போலத் தலையசைத்தார்கள்.

பிரதம அதிதி சுருக்கமாகப் பேசினார். "எனக்குக் கலை தெரியாது. ஆனால் சமாதானம் தெரியும். இந்தப் படத்தில் எவ்வளவு அமைதி! ஒரு சத்தம் இல்லை. ஒரு சனம் இல்லை. யாரும் வந்து எதையும் கேட்கவில்லை. இதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் பாடுபட்டோம்."

நீண்ட கரவொலி. பிறகு அறியப்படாத ஓவியரின் துணைவியாரை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். அன்னப்பூரணி ஒலிவாங்கியைப் பிடிக்கவில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி நின்று பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க பாக்கிறது கதவுர வெளிப்பக்கம். அதுல யாரும் நிக்கிறல்ல. புள்ள நிண்டது உள்பக்கம். ஒருக்காத் திருப்பிக் காட்டினீங்கெண்டா பாத்திட்டுப் போயிருவன். கடைசி பஸ் போயிரும்."

பேராசிரியர் கதிரையை விட்டு எழுந்து, "திருப்புங்கள்!" என்றார். அவர் வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் நடைமுறை இல்லை என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. காவலாளி ஆதம்பாவாவும் இன்னொருவரும் கதவை இறக்கி, மூடியைக் கழற்றி, மறுபக்கம் தெரியும்படி அதே ஆணிகளில் மாட்டினார்கள்.

பூசாத பலகை. உப்புத் தண்ணீர் ஊறிய கறை. நெஞ்சளவில் தொடங்கி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக நான்கு கீறுகள்.

அன்னப்பூரணி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

பேராசிரியரும் கண்கலங்கினார். "நான்கு நீர்மட்டங்கள்!" என்றார். "வீட்டுக்குள் வெள்ளம் ஏறியதை அந்தக் கலைஞன் படிப்படியாகப் பதிவு செய்திருக்கிறான். கடலை அவன் அளந்திருக்கிறான்!"

"இல்ல சேர். அது புள்ள…"

அவள் சொன்னது கரவொலியில் கேட்கவில்லை. பேராசிரியர் முன்வந்து அவளைக் கும்பிட்டார். ஒருவர் அவளையும் கதவையும் சேர்த்துப் படம் பிடித்தார். கடைசி பஸ் போய்விட்டபடியால் தர்சினி தன்னுடைய அறையில் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள்.

மறுநாளே புதிய அட்டை வந்தது. 'நீர்மட்டம். கத்தியும் மரப்பலகையும். ஓவியர்: அறியப்படாதவர்.' உள்ளறை ஓவியம் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது; அதற்கு நடைமுறை இல்லை. அன்னப்பூரணியின் கோரிக்கை மறுபடி பரிசீலிக்கப்பட்டது. முன்பு, பின்பக்கத்துக்குக் காட்சிப் பெறுமதி இல்லாததால் கொடுக்க முடியவில்லை. இப்போது காட்சிப் பெறுமதி இருப்பதால் கொடுக்க முடியாது.

"அப்ப ஒண்டு செய்ங்க சேர்" என்று அவள் கேட்டாள். "கொஞ்சம் கீழ இறக்கி வைங்க. அலுமாரிக் கால் நாலு விரக்கடதான். இப்ப புள்ளைர உயரம் பிழையா நிக்கிது."

"கண்மட்டம் இரிக்கிம்மா. அது நம்மட கையில இல்ல. எண்டாலும் குழுவுக்குப் போடுவம்."

குழு கூடுவதற்குக் கோரத்துக்கு வேண்டிய உறுப்பினர்கள் சேரவில்லை. பிறகு மழை. பிறகு பணிப்பாளர் வெளிநாட்டில் நல்லிணக்கம் பற்றிய மாநாட்டுக்குப் போனார்; அங்கே நான்கு கீறுகளின் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது பலர் எழுந்து நின்றார்களாம்.

அன்னப்பூரணி கருவாடு விற்க நகரத்துக்கு வரும் நாட்களில் கலைக்கூடத்துக்கும் வந்தாள். கருவாட்டுக் கூடையை ஆதம்பாவாவின் கதிரைக்குக் கீழே வைப்பாள். ஏறாவூர்க்காரரான ஆதம்பாவா வாசலையும் படங்களையும் காப்பவர். 'தொடக்கூடாது' என்ற பலகைக்கு உயிருள்ள துணை.

"ஏசிக்குள்ள ஒங்கட கூடைய வச்சா, வெள்ளைக்காரன் வந்து இதுவும் கலையா எண்டு கேக்கிறான் தங்கச்சி" என்பார்.

"ஓமெண்டு சொல்லுங்க காக்கா. வாங்கினாலும் வாங்குவான்" என்பாள். ஏறாவூர்ப் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

முதலில் அவள் கதவுக்கு எதிரே தூரத்தில் இருந்து பார்த்தாள். அப்படிப் பார்க்கும்போது பிழையான உயரம் கண்ணை உறுத்தியது. மார்கழி பிறந்து, கடல் வந்த நாள் நெருங்கிய ஒரு பகல், கூடத்தில் வேறு யாரும் இல்லை. அவள் எழுந்து போய், கதவுக்குப் பக்கத்தில், முதுகு சுவரில் படும்படி நின்றாள்.

"காக்கா, இஞ்ச ஒருக்கா வாங்க."

"கதவத் தொடாதீங்க தங்கச்சி. கமறா இரிக்கி."

"தொடல்ல. அந்த மேல் கீறு எனக்கு எதுவரைக்கும் வருகுதெண்டு பாருங்க."

ஆதம்பாவா வந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார்.

"காது மட்டத்துக்கு."

அன்னப்பூரணி தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். இருந்திருந்தால் பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு நடக்கும். இன்றைக்கோ நாளைக்கோ பெரியபிள்ளையாகிற வயது.

"தகப்பன்ர வளத்தி" என்றாள். பிறகு சந்தேகத்துடன், "நுனிக்கால்ல நிக்கிறாவோ தெரியா. கள்ளி" என்றாள்.

ஆதம்பாவா குனிந்து, கதவின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் இருந்த அந்த ஒரு முழ வெறுமையைப் பார்த்தார்.

"இல்ல தங்கச்சி" என்றார். "காலப் பதிச்சித்தான் நிக்கிறா."

செயற்குழு தை மாதம் கூடியது. மாநாட்டின் வெற்றியால் எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். அன்னப்பூரணியின் கோரிக்கை எதிர்ப்பின்றி நிறைவேறியது. கண்மட்ட விதிக்கு விலக்களிக்கப்பட்டு, கதவை நாலு விரற்கடை உயரத்துக்கு இறக்கலாம் என்று கொழும்பு ஆலோசகரும் ஒப்புக்கொண்டார். அவள் கேட்டவற்றில் நிறுவகம் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். பணிப்பாளரே ஏணியோடும் இரண்டு ஆட்களோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். அன்னப்பூரணி அன்றைக்கும் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அம்மா, சந்தோசமான செய்தி. இறக்கப் போறம்."

அவள் ஏணியைப் பார்த்தாள். ஆட்கள் ஆணியில் கைவைப்பதைப் பார்த்தாள்.

"வேணாம் சேர்."

"நீங்கதானம்மா கேட்டீங்க?"

"ஓம். கேட்டது நான்தான். இப்ப வேணாம். இறக்காதீங்க." அவள் குரல் கெஞ்சியது. "புள்ள கஷ்டப்பட்டு வளந்திரிக்கா."

பணிப்பாளர் புகைப்படக்காரரைப் பார்த்தார். கோரிக்கை மீளப்பெறப்பட்டதாகக் குறித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, ஏணிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்னப்பூரணி கையை உயர்த்தி, மேல் கீறுக்குச் சற்று மேலே, பிள்ளையின் தலைமயிர் இருக்கவேண்டிய இடத்தில் மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். 'தொடக்கூடாது' என்ற பலகைக்கு முதுகைக் காட்டியபடி, ஆதம்பாவா யன்னல் வழியாக வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.